வீட்டுக்குப் பாவாடை

ஷெட்டிகாம்ப்
28 செப்டம்பர் 1997

ரெஜிஸுக்கு,

ஈஸ்டரன்று போனில் நாம் கத்திக்கொண்டதை மிரெய் மாடிப்படியில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டிருக்கிறாள். ஒன்பது வயதுப் பிள்ளை கேட்க வேண்டிய பேச்சா அது? அதனால்தான் இனி போன் வேண்டாம், கடிதம் போதும் என்றேன். கடிதத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு. வீட்டைப் பற்றி மட்டும் எழுது. படகை ஏன் என்னிடம் சொல்லாமல் விற்றாய், மூன்று மாதத்தில் வருகிறேன் என்று ஆல்பர்ட்டாவுக்குப் போனவன் ஏன் இரண்டு வருஷமாகத் திரும்பவில்லை என்றெல்லாம் நானும் கேட்கப் போவதில்லை. இந்த வீடு உன் கைக்குப் பழகிய வீடு. அதன் குணம் எனக்குப் பிடிபடவில்லை. விஷயம் அவ்வளவுதான்.

உன் அப்பா போன வாரம் குளியலறையில் விழுந்தார். எலும்பு ஒன்றும் முறியவில்லை. நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, பனி விழுவதற்குள் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுங்கள், காற்று புகுந்தோடும் இந்த வீட்டில் இவர் குளிர்காலத்தைத் தாண்ட மாட்டார் என்றாள். அவர் அவள் முகத்துக்கு நேராகவே சொன்னார்: “என்னை இங்கேர்ந்து கிளப்பணும்னா பெட்டியில வெச்சுத்தான் கிளப்பணும். வாசல் வேற குறுகல். சாய்ச்சுத்தான் எடுக்கணும், இப்பவே அளந்து வெச்சுக்கோ.”

நர்ஸ் போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அனுப்ப மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அவரை என் தலையில் கட்டிவிட்டுப் போனாயே என்று உன்மேல் எனக்குக் கோபம் உண்டு. அவர்மேல் இல்லை. இந்தக் குளிர்காலத்தை அவர் தன் அறையில், தன் கட்டிலில் கழிக்க வேண்டும். அதற்கு வீடு கதகதப்பாக இருக்க வேண்டும்.

கீழே அவருடைய அறை வடக்குப் பக்கம் என்பது உனக்குத் தெரியும். ஜன்னல் சட்டம் ராவெல்லாம் ஆடுகிறது. சமையலறைக் குழாய் சொட்டுகிறது. கூடத்தில் இருக்கும் புகை அலாரம் காரணமே இல்லாமல் கீச்சுக் கீச்சென்று கத்துகிறது. ஒரு நாள் ஆத்திரத்தில் துடைப்பத்தால் அடித்தேன். இன்னும் கத்துகிறது. என்ன செய்யலாம், எழுது.

லோரெட்


ஃபோர்ட் மெக்மரி, தொழிலாளர் முகாம்
9 அக்டோபர் 1997

அன்புள்ள லோரெட்,

அலாரத்தை அடிக்காதே, பாவம், அது பசியில் அழுகிறது. மூடியைத் திருகிக் கழற்றிப் புது பேட்டரி போடு. கத்துகிறதே என்று பழையதையும் பிடுங்கி வைத்துவிடாதே. இங்கே ஒருத்தன் அப்படித்தான் செய்தான், அவன் அறை மெத்தை எரிந்து போனது.

குழாய்க்கு வருகிறேன். முதலில் தொட்டிக்கு அடியில் இருக்கும் வால்வை மூடு. மூடாமல் கழற்றினால் நீயும் நனைவாய், அப்போது உன் வாயில் வருவதைக் கேட்டு மிரெயும் கெட்டுப் போவாள். உள்ளே ஒரு கறுப்பு ரப்பர் வாஷர் தேய்ந்து கிடக்கும். அதைக் கையிலேயே எடுத்துக்கொண்டு கடைக்குப் போ. வாயால் அளவு சொன்னால் தப்பானதைத்தான் தருவார்கள்.

அப்பா விழுந்தபோது துண்டு மாட்டும் கம்பியைப் பிடித்திருப்பார். அது துண்டைத் தாங்கும், ஆளைத் தாங்காது. சுவரை விரலால் தட்டிக்கொண்டே போ. சத்தம் கனத்து ஒலிக்கும் இடத்தில் உள்ளே கட்டை இருக்கிறது. அங்கே நல்ல இரும்புக் கைப்பிடி ஒன்றை நீளத் திருகாணியால் முடுக்கு. தரையில் கிடக்கும் அந்தப் பூப்போட்ட விரிப்பைத் தூக்கி எறி. வழுக்கிவிட்டது அதுவாகத்தான் இருக்கும்.

ஜன்னலுக்குக் கடையில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் விற்கிறது. சட்டத்தைச் சுற்றி ஒட்டி, உன் முடி உலர்த்தும் மெஷினால் சூடு காட்டு. முரசுத் தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். விறகடுப்பின் புகைபோக்கியை யாரையாவது கூப்பிட்டுச் சுத்தம் பண்ணிவிடு. ஈர விறகு எரித்தால் உள்ளே தார் படியும். அது தீப்பிடித்தால் கூரையும் போகும்.

வீட்டைப் பற்றி மட்டும் எழுதச் சொன்னாய். மிரெய் வீட்டில்தானே இருக்கிறாள்? அவளைச் சமையலறைக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி ஒரு கோடு போட்டு, எவ்வளவு என்று எழுது. அதையும் வீட்டு வேலையாகவே வைத்துக்கொள்வோம்.

உன் ரெஜிஸ்


ஷெட்டிகாம்ப்
22 அக்டோபர் 1997

ரெஜிஸ்,

குழாய் நின்றுவிட்டது. அலாரம் வாயை மூடிக்கொண்டது. கைப்பிடியை நானே முடுக்கினேன். அப்பா அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, “என் மகனைவிட இது கெட்டியா நிக்குது” என்றார். சொன்னதை அப்படியே எழுதுகிறேன், என் சரக்கு எதுவும் இதில் இல்லை. மிரெய் நீ போனபோது இருந்ததைவிட ஒரு சாண் வளர்ந்துவிட்டாள்.

விறகடுப்பை மட்டும் நீ சொன்னபடி செய்யவில்லை. நான் மீன் ஆலை வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அப்பா அடுப்புக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே நாற்காலியில் தூங்கிவிட்டார். பொறி தெறித்துக் கம்பளத்தில் விழுந்து உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. மிரெய்தான் பள்ளியிலிருந்து வந்து மிதித்து அணைத்தாள். அதற்குப் பிறகு எனக்கு வேலையில் கை ஓடவில்லை. அதனால் காஸ் ஹீட்டர் வைத்துவிட்டேன். புதுசு இல்லை, ஒருத்தர் வீட்டிலிருந்து கழற்றியது. ஜோப் வீட்டு அர்மான் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தான். புகைபோக்கி தேவையில்லையாம். அப்பா அறைப் பக்கம் வடக்குச் சுவரில் முழங்கால் உயரத்தில் துளை போட்டு ஒரு வெள்ளைக் குழாயை வெளியே விட்டிருக்கிறான். சுவிட்சைத் தட்டினால் சூடு வருகிறது. அப்பாவுக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை. எரியறது கண்ணுக்குத் தெரியாத நெருப்பு என்னடி நெருப்பு என்கிறார்.

இப்போது வீட்டுக்குப் பாவாடை கட்டும் காலம் வந்துவிட்டது. கடற்கரையில் கடற்புல் மலைபோல் காய்ந்து கிடக்கிறது. ஃபர் மரக் கிளை வெட்டிவரப் பக்கத்து வீட்டு கிளோவிஸ் டிரக் தருவதாகச் சொல்லியிருக்கிறான். வீட்டைச் சுற்றி அடித்தளத்தை மூடிக் கட்டிவிட்டால் தரை சில்லிடாது. ஒரே ஒரு சந்தேகம். அந்த வெள்ளைக் குழாய் நேராகப் பாவாடைக்குள் வருகிறது. அதைச் சேர்த்து மூடலாமா, சுற்றி விட்டுவிட்டுக் கட்டவா? அர்மான் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மறக்காமல் இதற்குப் பதில் எழுது.

லோரெட்


ஃபோர்ட் மெக்மரி
3 நவம்பர் 1997

லோரெட்,

அர்மானா? நம் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் உன்னை நடனத்துக்குக் கூப்பிட்டு, நீ வரமாட்டேன் என்றதும் நாள்கணக்கில் குடித்துவிட்டுக் கிடந்தானே, அந்த அர்மானா? ஊரில் வேறு ஆளே கிடைக்கவில்லையா? என் தாத்தா கட்டி, என் அப்பா கூரை மாற்றி, நான் தரைப் பலகை போட்ட வீடு அது. அதன் சுவரில் துளை போட அவன் யார்? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நிபந்தனைப்படி வீட்டைப் பற்றித்தானே எழுதுகிறேன், கோபப்படாதே.

அவன் குழாயைப் பற்றி அவனிடமே கேட்டுக்கொள்.

பாவாடை எப்படிக் கட்டுவது என்று எனக்குத் தெரியும், அதைச் சொல்கிறேன். போன வருஷம் நீ கட்டியதை கிளோவிஸ் எனக்கு எழுதினான். கோழி கிளறிய மாதிரி இருந்ததாம். முதலில் சுவரோடு ஒட்டி ஃபர் கிளைகளை நெருக்கமாகக் குத்து. அதன்மேல் கடற்புல்லை அடைத்து மிதி. அதன்மேல் பிளாஸ்டிக் விரித்து, மேல் விளிம்பைச் சுவரில் பட்டை வைத்து ஆணியடி. உயரம் தொடை வரை வரட்டும். வடக்குப் பக்கம் இரட்டிப்பாகப் போடு, ஒரு விரல் நுழைய இடம் விடாதே. மலையிலிருந்து இறங்கும் சுயெத் காற்று அடித்தால் லாரியையே கவிழ்க்கும், உன் புல்லை விட்டு வைக்காது. அதனால் அடியில் கல் வை.

அப்பாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

ரெஜிஸ்


ஷெட்டிகாம்ப்
17 நவம்பர் 1997

ரெஜிஸ்,

பாவாடை கட்டியாகிவிட்டது. கோழி கிளறியது என்று இந்த முறை எவனாவது சொல்லட்டும் பார்க்கலாம். சனி ஞாயிறு முழுவதும் நானும் மிரெயும் கை மரத்துப் போகும்வரை வேலை செய்தோம். அப்பா தன் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து கைத்தடியால் கண்ணாடியைத் தட்டித் தட்டி எங்களை ஏவினார். இங்கே பள்ளமாக இருக்கிறது, அங்கே மேடாக இருக்கிறது என்று ஒரே அதிகாரம். நீ சொன்னபடி வடக்குப் பக்கம் இரட்டிப்பு, தொடை உயரம், விரல் நுழையாது. பிளாஸ்டிக்கும் ஆணியடித்துவிட்டேன்.

குழாயைப் பற்றி அர்மானிடம் நான் கேட்கவில்லை. நீ அவன் பேச்சை அந்த மாதிரி எடுத்த பிறகு நான் அவன் வீட்டு வாசலில் போய் நின்று ஒரு வார்த்தை கேட்பதாவது. குழாயையும் சேர்த்தே மூடிவிட்டேன். ஹீட்டர் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது.

அப்பா அறை எப்படி இருக்கிறது தெரியுமா? வெறும் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறார். போர்வையைக் கூடக் கேட்பதில்லை. நேற்று ராத்திரி இந்த வருஷத்து முதல் சுயெத் அடித்தது. ஜன்னல் திரை அசையவில்லை. “கப்பல் கணக்கா இறுக்கிட்டியேடி. ஒரு சொட்டு காத்து வரல” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது, மறைக்க மாட்டேன். நர்ஸும் வந்து பார்த்துவிட்டு, முதியோர் இல்லத்தில் கூட இவ்வளவு கதகதப்பு இல்லை, இங்கேயே இருக்கட்டும் என்றாள்.

உனக்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்லிவிட்டேன்.

லோரெட்


ஃபோர்ட் மெக்மரி
30 நவம்பர் 1997

அன்புள்ள லோரெட்,

உன் கடிதத்தை முகாம் சாப்பாட்டுக் கூடத்தில் படித்தேன். எதிரே இருந்தவன் எதற்கடா சிரிக்கிறாய் என்றான். என் பெண்டாட்டி வீட்டுக்குப் பாவாடை கட்டியிருக்கிறாள் என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

அர்மான் விஷயத்தில் நான் முறைத்துக்கொண்டது தப்பு. விட்டுவிடு.

துணி உலர்த்தும் மெஷினின் பின்னால் இருக்கும் குழாயைக் கழற்றி உள்ளே சேர்ந்திருக்கும் பஞ்சை வழித்து எடு. அது பற்றிக்கொண்டு வீடே போன கதை இங்கே நிறையக் கேட்கிறேன். கடுங்குளிர் அன்று சமையலறைக் குழாயை நூல்போல ஓட விடு. அப்படியும் உறைந்துவிட்டால் தீ காட்டாதே, முடி உலர்த்தும் மெஷினையே காட்டு, குழாயின் வாய்ப் பக்கத்திலிருந்து ஆரம்பி.

இனி எழுதப் போவது வீட்டைப் பற்றி இல்லை. கிறிஸ்துமஸுக்கு வரட்டுமா? வா என்று நீ எழுதினால் லீவு கேட்கிறேன். வரவேண்டாம் என்றாலும் எழுது. ஒன்றும் எழுதாமல் விடாதே.

உன் ரெஜிஸ்


ஷெட்டிகாம்ப்
11 டிசம்பர் 1997

அன்புள்ள ரெஜிஸ்,

வா. மிரெயிடம் இன்னும் சொல்லவில்லை. நீ வந்து நின்ற பிறகு தெரியட்டும். மீட் பைக்குப் பன்றி இறைச்சி சொல்லி வைத்திருக்கிறேன்.

வந்தால் எங்களைப் பார்த்துப் பயந்துவிடாதே. வீடே காய்ச்சல் வீடாக இருக்கிறது. எனக்குக் காலையில் எழுந்தால் தலை பிளக்கிறது. மிரெய் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். பள்ளிக்கூடம் போனதும் நன்றாகிவிடுகிறாளாம், வீட்டுக்கு வந்தால் மறுபடி சுருண்டுகொள்கிறாள். டீச்சர் அவளை நடிக்கிறாள் என்கிறார். போன ஞாயிறு என் அக்கா பெர்னதெத் வீட்டில் நாள் முழுக்க இருந்தோம். அங்கே எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை. வீட்டுக்குள் வந்ததும் தலைவலியும் வந்துவிட்டது. இந்த வீட்டுக்கு என்னைப் பிடிக்கவில்லையோ என்று கூடத் தோன்றியது.

அப்பாவை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. சாப்பாட்டைத் தொடுவதில்லை. தூக்கம், தூக்கம், அப்படி ஒரு தூக்கம். என்னை உன் அம்மாவின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். வயசாகிறது, குளிர்காலத்தில் இப்படித்தான் என்றாள் நர்ஸ். புகை ஏதாவது இருக்குமோ என்று எனக்கும் ஒரு எண்ணம் வந்தது. மோந்து பார்த்தேன், வாடை இல்லை. அலாரமும் கத்தவில்லை.

அவர் ஜன்னல் உள்பக்கம் ஒரே தண்ணீர். கண்ணாடியில் வழிந்து சுவர்த்தாள் உரிகிறது. பிளாஸ்டிக்கைக் கிழித்து ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கட்டுமா?

லோரெட்


ஃபோர்ட் மெக்மரி
19 டிசம்பர் 1997

அன்புள்ள லோரெட்,

லீவு கிடைக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஆள் போதாது என்று என் பெயரை அடித்துவிட்டார்கள். ஜனவரிக் கடைசியில் நிச்சயம் தருவதாகச் சொல்கிறார்கள். இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. மிரெயிடம் நீ சொல்லாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

ஜன்னலைத் திறக்காதே. அவ்வளவு பாடுபட்டு இறுக்கிய வீட்டைத் திறந்துவிட்டால் அப்பாவுக்கு நிமோனியாதான் வரும். இறுக்கமான வீட்டில் ஈரம் சேர்வது சகஜம். ஒரு கிண்ணத்தில் கல் உப்பு வை, காலையில் துணியால் துடைத்துவிடு. காய்ச்சல் இங்கேயும் சுற்றுகிறது, முகாமில் பாதிப்பேர் படுக்கை. நிறையத் தண்ணீர் குடியுங்கள். அப்பா அறைக் கதவைச் சாத்தியே வை, சூடு தங்கும்.

உன் ரெஜிஸ்


ஷெட்டிகாம்ப்
8 ஜனவரி 1998

அன்புள்ள ரெஜிஸ்,

பெர்னதெத் உனக்குப் போனில் சொன்னதை நான் எழுதி அனுப்ப வேண்டியதில்லை. ஆனாலும் எழுத வேண்டும் போல இருக்கிறது. எட்மன்டனில் விமானம் கிளம்பவில்லை என்று நீ அங்கேயே உட்கார்ந்திருந்ததைக் கேட்டேன். உன்மேல் அதற்காகக் கோபம் இல்லை. பனிப்புயல் யார் பேச்சைக் கேட்கும்.

முந்தின நாள் மாலை அப்பா கொஞ்சம் தெளிவாக இருந்தார். மிரெய் ஊட்டிய ரொட்டியை வெல்லப்பாகில் தொட்டுச் சாப்பிட்டார். காலையில் நான் காபி கொண்டுபோனபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். போர்வை கலையவில்லை. டாக்டர் வந்து இதயம் நின்றுவிட்டது, தூக்கத்திலேயே போயிருக்கிறார், வலி இருந்திருக்காது என்றார்.

கூடத்தில் கிடத்திச் செபமாலை சொன்னோம். ஊரே வந்தது. முகம் எப்படி இருந்தது தெரியுமா ரெஜிஸ்? கன்னம் சிவந்து, உதடு சிவந்து, கடலுக்குப் போய்விட்டு வந்த பையன் மாதிரி. இவ்வளவு அழகான பிணத்தைப் பார்த்ததில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

மண் கல்லாகிக் கிடக்கிறது. பெட்டியைக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் கல் அறைக்குள் வைத்திருக்கிறார்கள். மே மாதம் மண் இளகியதும் அடக்கம். வாக்கைக் காப்பாற்றிவிட்டேன். தன் கட்டிலில் போனார். அதை நினைத்துத்தான் நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். தலைவலி மட்டும் விட்டபாடில்லை, அழுததால் இருக்கும்.

உன் லோரெட்


ஃபோர்ட் மெக்மரி
20 ஜனவரி 1998

அன்புள்ள லோரெட்,

உன் கடிதம் இன்று காலை கிடைத்தது. அப்பாவின் முகத்தைப் பற்றி நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகு உன் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்துப் படித்தேன். அழுதேன், அதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

கிளோவிஸுக்கு உடனே போன் செய்தேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருமுன் அவன் வந்து வடக்குப் பக்கப் பாவாடையைப் பிடுங்கியிருப்பான். ஹீட்டரை அணைத்துவிட்டு உன்னையும் மிரெயையும் பெர்னதெத் வீட்டுக்குக் கூட்டிப் போகவும் சொன்னேன். பயப்பட ஒன்றும் இல்லை. கடற்புல்லில் எலி கூடு கட்டியிருக்கும், எலி காஸ் குழாயைக் கடித்துவிடும், அதற்காகத்தான். ஆள் வந்து ஹீட்டரைப் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை அதைப் போடாதே. வடக்குப் பக்கம் மறுபடி மூடாதே.

நீ அவரை நன்றாகப் பார்த்துக்கொண்டாய். அதில் சந்தேகமே வேண்டாம்.

உன் ரெஜிஸ்


ஷெட்டிகாம்ப்
8 பிப்ரவரி 1998

ரெஜிஸ்,

எலி இல்லை.

கிளோவிஸ் பிளாஸ்டிக்கைக் கிழித்ததும் உள்ளிருந்து வெந்நீர்ப் பானையைத் திறந்தது போல ஆவி வந்தது. சுற்றிலும் பனி இடுப்பு வரை கிடக்கிறது, அந்த ஓர் இடத்தில் மட்டும் ஈர மண். புல் கறுத்து அழுகியிருந்தது. அதற்குள்ளே அந்த வெள்ளைக் குழாயின் வாய். கிளோவிஸ் அதைப் பார்த்தான், அப்பா அறை ஜன்னலைப் பார்த்தான், தொப்பியைக் கழற்றினான். பெர்னதெத் வீட்டுக்குப் போன இரண்டாம் நாளே எங்கள் இருவருக்கும் தலைவலி போய்விட்டது.

காஸ்காரன் வந்து ஒரு மீட்டரை வைத்துப் பார்த்தான். நல்ல பையன், ஒளிக்கத் தெரியவில்லை. “இந்தக் குழா வழியாத்தான்மா அது மூச்சு விடுது. அதை அடைச்சா அந்தக் காத்து எங்க போவும்? அடியில தங்கி, பலகை இடுக்கு வழியா ரூமுக்குள்ளதான் வரும்” என்றான். கார்பன் மோனாக்சைடு என்று பெயராம். வாடை இருக்காது, புகை இருக்காது, அதனால் நம் அலாரத்துக்குத் தெரியாது. அதற்கென்றே வேறு அலாரம் விற்கிறதாம். தலை வலிக்கும், வாந்தி வரும், தூக்கம் தூக்கமாக வரும் என்றான். முகம் எப்படி இருக்கும் என்று நான்தான் கேட்டேன். சிவந்து போகும் என்றான்.

உனக்கு முன்னமே தெரிந்துவிட்டது. நீ போன் செய்திராவிட்டால் மிரெயையும் அந்தக் கல் அறைக்குள் வைத்திருப்பார்கள், அதற்கு உனக்கு ஆயுள் முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். என்னைக் காப்பாற்றத்தான் எலி என்று எழுதினாய் என்பதும் புரிகிறது. ஆனால் அது என்னைக் காப்பாற்றவில்லை. நான் இந்தக் கையால் அடைத்து, இந்தக் காலால் மிதித்தேன். அது தெரியாமல் நான் பெருமையாக நடமாட வேண்டும், தெரிந்த நீ தொலைவில் இருந்துகொண்டு என்னைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டும், அப்படித்தானே? மூடலாமா என்று நான் கேட்டேன். நீ பதில் சொல்லவில்லை. நீ முறைத்துக்கொண்டாய் என்று நான் அர்மானிடம் கேட்கவில்லை. நம் இரண்டு பேரின் வீம்புக்கு நடுவில் படுத்திருந்தவர் அவர். இதை நான் தனியாகச் சுமக்க மாட்டேன், ரெஜிஸ். என்னால் முடியாது.

ஊரில் பாதி வீட்டுக்கு இந்த மாதிரி ஹீட்டர் வந்துவிட்டது. எல்லோரும் பாவாடை கட்டுகிறவர்கள். கிளோவிஸ் வீடு வீடாகப் போய்க் குழாயைத் திறந்து விடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். ஏன் என்று சொல்வதில்லை, எனக்காக. காரணம் தெரியாமல் யாரும் அடுத்த வருஷம் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் மே மாதம் அடக்கத்தன்று, பெட்டியை மண்ணில் இறக்குமுன், அவர் இதயம் நின்று சாகவில்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்லப் போகிறேன். ஃபாதரிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

நீ வா. வந்து என் பக்கத்தில் நில். நீ வாய் திறக்க வேண்டாம், நின்றால் போதும். இனி வீட்டைப் பற்றி ஒரு வரியும் எழுதாதே. அந்த நிபந்தனையை நான் போட்டிருக்கவே கூடாது. இதைப் பற்றி எழுது.

லோரெட்


ஃபோர்ட் மெக்மரி
5 ஏப்ரல் 1998

அன்புள்ள லோரெட்,

நலமா? மிரெய் நலமா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம்.

அங்கே பனி உருக ஆரம்பித்திருக்கும். நிலவறைப் பம்பை இப்போதே பார்த்து வை. ஒரு வாளித் தண்ணீரைக் குழியில் ஊற்று. மிதவை மேலே வந்ததும் பம்ப் தானாக ஓட வேண்டும். ஓடாவிட்டால் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு அடியில் இருக்கும் வலையைக் கழுவு, சேறு அடைத்திருக்கும். ஈரத் தரையில் நின்றுகொண்டு பிளக்கைத் தொடாதே, ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள். கூரை ஓரத்து நீர்த்தாரையில் பனிக்கட்டி தொங்கினால் சுத்தியலால் அடிக்காதே, தகரம் கிழியும். பழைய காலுறையில் உப்பைக் கட்டி அதன்மேல் வை, வழி திறந்துகொள்ளும். முன்படியில் இரண்டாவது பலகை இற்றுப் போயிருந்தது, காலை வைக்குமுன் பார்.

மே மாதத்தில் இங்கே யாருக்கும் லீவு இல்லை. ஆகஸ்டில் கேட்டிருக்கிறேன். மற்றதெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம்.

உன் ரெஜிஸ்


ஷெட்டிகாம்ப்
18 மே 1998

ரெஜிஸுக்கு,

சனிக்கிழமை உன் அப்பாவை அடக்கம் செய்தோம். மண் இன்னும் பாதி உறைந்துதான் இருந்தது. கடற்கரையில் நண்டுப் படகுகள் எல்லாம் அன்று கடலுக்குப் போகாமல் நின்றன.

ஃபாதர் செபம் முடித்ததும் சொன்னேன். ஹீட்டர் குழாயை நான் அடைத்தேன், அதில் செத்தார், உங்கள் வீடுகளிலும் அந்தக் குழாய் இருக்கிறது என்று சொன்னேன். உன் பேரைச் சொல்லவில்லை. மிரெய் என் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்களைச் சுற்றி ஆள் இல்லாமல் கொஞ்சம் இடம் விட்டுப் போயிருந்தது, அது எனக்கு இப்போதும் தெரிகிறது.

அப்போது பின்வரிசையிலிருந்து அர்மான் நடந்து வந்தான். என் பக்கத்தில் நின்றான். “குழா வெச்சவன் நான். மூடாதேன்னு சொல்லாமப் போனவன் நான்” என்றான். பெட்டி இறங்கி மண் போட்டு முடியும்வரை அங்கேயே நின்றான். நீ நினைப்பதற்கு ஒன்றும் இல்லை, அவன் தன் மனைவியோடு வந்திருந்தான், அவளோடு திரும்பிப் போனான். நீ நின்றிருக்க வேண்டிய இடத்தில் ஒருத்தன் நின்றான், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஆகஸ்டில் வர வேண்டாம். எனக்கு இனி எழுதவும் வேண்டாம். வீட்டில் எது பழுதானாலும் நான் பார்த்துக்கொள்வேன், முடியாததற்கு ஆள் கூப்பிடுவேன்.

மிரெய்க்கு எழுது. அவள் பேருக்கே எழுது, நான் பிரிக்க மாட்டேன். தாத்தா எப்படிச் செத்தார் என்று அவள் உன்னிடம் கேட்கப் போகிறாள். அன்று பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான், ஆணியடித்தவள் நான். என் காரணமா என்று என்னிடம் தினமும் கேட்கிறாள். நான் இல்லை என்று சொன்னால் நம்புவதில்லை. அவளுக்காவது பதில் சொல்.

லோரெட்